கறுப்பியின் குரல்

கற்பிட்டி ஸப்வானின் கார்ட்டூன் சனிக்கிழமைகளில் தொலைக்காட்சியில் முடியும்போது, கதை, படம், இசை, குரல், தொகுப்பு, தயாரிப்பு, இயக்கம் என்று ஏழு இடத்தில் அவர் பெயர் ஓடும். பெருமைக்காக அல்ல, ஆளில்லாத குறைதான். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர், முன்னறையில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு, உப்பளக் கரையில் திரியும் கறுப்பி என்ற பெண் கழுதையைப் பேச வைத்தார். ஊரில் கழுதைக்குப் பஞ்சமில்லை. பார்த்து வரைவதற்கு வாசலைத் திறந்தால் போதும்.

ஏழில் ஆறு உண்மை. குரல் மட்டும் மனைவி றுமைஸாவுடையது. அவர் கணித ஆசிரியை.

"என்ட பேரப் போட்டிராதீங்க. கழுத நான்தான் எண்டு தெரிஞ்சா வகுப்புல ஒரு புள்ளயும் கணக்குச் செய்யாது" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். நியாயம்தான். அந்த இடம் வெறுமையாகக் கிடக்கக்கூடாதே என்று ஸப்வான் தன் பெயரைப் போட்டார்.

வினை அங்கேதான் தொடங்கியது. ஜும்ஆத் தொழுகை முடிந்து வருகிறவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "பொம்புளக் கொரல்ல எப்புடிப் பேசுறீங்க?" என்று கேட்டார்கள். முதல் தடவை சிரித்து மழுப்பினார். மூன்றாம் தடவை "பழக்கந்தான்" என்றார். வானொலிப் பேட்டியில், தினமும் காலையில் இஞ்சி மெல்வதாகவே சொல்லிவிட்டார். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு றுமைஸா அதைக் கேட்டார். மறுநாள் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு இஞ்சி இருந்தது.

இரண்டாவது தொடர் வேண்டுமானால், பிள்ளைகளுக்கு முன்னால் ஸப்வான் கறுப்பியாகப் பேசுவதைப் படம்பிடிக்க வேண்டும் என்றது தொலைக்காட்சி. பாடசாலையையும் அவர்களே தெரிவுசெய்தார்கள். அது றுமைஸாவின் பாடசாலை.

"நீங்க வந்து பேசுங்களன்" என்று கெஞ்சினார் ஸப்வான்.

"நான் என்னத்துக்கு? நீங்கதானே இஞ்சி திண்ட."

படப்பிடிப்பு அன்று ஸப்வான் மைக்கின் முன்னால் வாயைத் திறந்தார். சளி பிடித்த ஆட்டின் சத்தம்தான் வெளியே வந்தது. முந்நூறு பிள்ளைகளும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். ஆசிரியர் வரிசையில் றுமைஸா குனிந்து பிள்ளைகளின் கணக்குக் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அவருக்குக் கொடுத்த வாக்குப் போகும், சொல்லாவிட்டால் தொடர் போகும். ஸப்வானுக்கு வெட்கம் காதுவரை சுட்டது.

"எனக்கு ஏலா" என்றார். "அந்தக் கொரல் என்டதில்ல. வேற ஆளுட. யாரெண்டு சொல்லமாட்டன். இவ்வளவு நாளும் பொய்தான் சொன்ன."

மூன்றாம் வரிசையில் ஸஹ்றா என்ற ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுந்தாள்.

"தெரியும் சேர். றுமைஸா டீச்சர்ட கொரல். மொதல் கெழமையே கண்டுபுடிச்சிட்டம்."

றுமைஸாவின் பேனை நின்றது. "அப்ப ஏன் ஒருத்தரும் என்னட்டச் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க நிப்பாட்டிருவீங்களே, டீச்சர்."

றுமைஸாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, கொப்பியைப் பார்த்தபடியே கறுப்பியின் குரலில் எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். ஒருவரும் அமைதியாக இருக்கவில்லை.

இரண்டாவது தொடரில் ஸப்வானின் பெயர் ஆறு இடத்தில்தான் ஓடுகிறது. வகுப்பில் பிள்ளைகள் கணக்குச் செய்கிறார்கள். தேநீரோடு இஞ்சி மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.