பாத்திரத்துக்குப் போட்ட புடவை

பழைய புடவை எந்தக் கடையிலும் கிடைக்காது. பெண்ணாகவே வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தீபாவளிக்கு எடுத்த புடவை இரண்டு மூன்று வருடத்தில் கடைத்தெருவுக்குக் கட்டுகிற புடவையாகும். அப்புறம் அது வீட்டில் கட்டுகிற புடவை. அப்புறம் பிள்ளைக்குத் தூளி, கடைசியில் அடுப்படியில் கைப்பிடித் துணி. வீட்டில் கட்டுவதற்கென்று யாரும் புடவை எடுப்பதில்லை, அது தானாக வந்து சேரும். இருபத்திரண்டு வயதில் முதல் புடவையைக் கட்டிய எனக்கு அது எங்கிருந்து வந்து சேரும்?

இன்றைக்கு எங்களைத் திருநங்கை என்று மரியாதையாக எழுதுகிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூரில் எங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. கூப்பிட்டவர்களுக்கு ஞாபகம் இருந்தால் போதும்.

ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் முந்திரிக்காட்டு ஊர் எங்களுடையது. அக்காவின் தாவணியோடு அப்பாவிடம் மாட்டிக்கொண்ட அன்று வாங்கிய அடியோடு ஊரைவிட்டு வந்தேன். பையில் இரண்டு பெல்பாட்டம், மூன்று டெரிகாட்டன் சட்டை, ஒரு கைலி. வேலைக்குப் போகிற பிள்ளை லட்சணமாக இருக்கட்டும் என்று அப்பா ஆசையாக எடுத்துக் கொடுத்த பேண்டுகள். ஒவ்வொரு காலிலும் ஒரு ஆள் புகுந்துகொள்ளலாம்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கவும் மாவாட்டவும் வேலை கிடைத்தது. முதலாளி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: சாப்பிட ஆள் இருக்கும்போது முன்பக்கம் வரக்கூடாது. பின்பக்கம் நான் கோவணம் கட்டினாலும் கோட்டு போட்டாலும் அவருக்கு ஒன்றுதான். அதைப் பெருந்தன்மை என்று அப்போது நினைத்தேன். மாவாட்டுகிற கையை மட்டும் வைத்துக்கொண்டு முகத்தை ஒளித்துவைப்பதற்கு வேறு பெயர் உண்டு என்று இப்போது தெரிகிறது.

ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறை எடுத்திருந்தேன். தெருமுனையில் எல்லாருக்குமாக ஒரு குழாய், அதற்கு எதிரில் டீக்கடை. காலையில் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்க, ஆண்கள் அங்கேயே ஜட்டியோடு உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளிப்பார்கள். யாரும் முகத்தைத் திருப்பமாட்டார்கள். சோப்புத் தண்ணி குடத்தில் தெறித்தால்தான் சண்டை.

முதல் சம்பளத்தில் ஜவுளிக்கடைக்குப் போய், அக்காவுக்கு என்று பொய் சொல்லி, ஒரு நைலக்ஸ் புடவை வாங்கினேன். ரோஸ் கலர், உடம்பெல்லாம் வெள்ளிப் பூ. பத்து வயதிலிருந்து கனவில் கட்டிய புடவை அதுதான். ஒரு சேஃப்டிபின் டப்பாவே காலி பண்ணி அதைக் கட்டிக்கொண்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாய்க்குப் போனேன். அடிப்பார்கள் என்று பயந்து போனேன். அடிக்கவில்லை, சிரித்தார்கள். எந்த ஊர்த் திருவிழா என்று ஒருத்தி கேட்டாள். டீக்கடையிலிருந்து ஒருத்தன், ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத் தண்ணி பிடி என்றான்.

அந்தச் சிரிப்பை நான் பல நாள் மென்றேன். அவர்களுக்கு என்மேல் வெறுப்பில்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது. எனக்கென்று ஒரு இடம் ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்தார்கள். திருவிழாவில் ஜிகினாப் புடவை கட்டி ஆடினால் ரசிப்பார்கள். கடை திறக்கும்போது வந்து கை தட்டி ஆசீர்வாதம் பண்ணினால் குனிந்து வாங்கிக்கொள்வார்கள். ஆனால் ஒரு குடம் தண்ணி பிடிக்கக்கூடாது. சாதாரணமாக இருக்கக்கூடாது. நான் வாங்கிய புடவையும் அவர்கள் ஒதுக்கிய இடத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. என் கனவையே அவர்கள்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியபோது என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அந்தப் புடவையால் வேலைக்கும் உதவி இல்லை. சூடான பாத்திரத்தை முந்தானையால் பிடித்து இறக்கப்போய் நைலான் உருகி விரலில் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு முடிவு பண்ணினேன். எனக்கு அழகான புடவை வேண்டாம். நிறம் மங்கி, கரை நைந்து, நாலு இடத்தில் தைத்த புடவை வேண்டும். கட்டிக்கொண்டு போனால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்காத புடவை வேண்டும்.

வாரத்துக்கு ஒருநாள் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு பாத்திரக்காரம்மா வருவாள். கூடை நிறைய எவர்சில்வர் பாத்திரம், முதுகில் பெரிய துணிமூட்டை. பழைய துணியைப் போட்டுப் பாத்திரம் வாங்குவார்கள். பேண்டுக்கு நல்ல கிராக்கி, புடவைக்கு அவ்வளவு இல்லை. என் பெல்பாட்டம் இரண்டையும் பிரித்துப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது. என்ன பாத்திரம் வேணும் தம்பி, என்று கேட்டாள். பாத்திரம் வேண்டாம் என்று சொல்லி அவளுடைய மூட்டையைக் காட்டினேன். கரித்துணிக்கா என்றாள். இல்லை என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். நெற்றியில் அழித்தும் அழியாத பொட்டை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு, அட்டக் கறுப்பாய் ஒரு புடவையை உருவி என் பக்கம் எறிந்தாள். விரித்தேன். நடுவில் கிழிசல்.

"இந்தா பாரு, ரெண்டு பேண்டும் புதுசு. கிழிசல தள்ளிவுடப் பாக்குறியா?" என்றேன்.

அரைமணி நேரம் பேரம் நடந்தது. கடைசியில் இரண்டு பேண்டுக்கும் மூன்று சட்டைக்கும் மூன்று புடவை, ஒரு பாவாடை, ஒரு ஜாக்கெட். ஏமாற்றுக்காரி, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஊரில் என்னிடம் சிரிக்காமல், பயப்படாமல், முகம் சுளிக்காமல் சண்டை போட்ட முதல் ஆள் அவள்தான். மூட்டையைத் தூக்கும்போது, "ஒடம்புக்குப் பழசுதான் சொகம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜாக்கெட் எனக்குக் கை நுழையவில்லை. அதை டெய்லரிடம் கொண்டுபோய், இதைவிட நாலு விரல் பெரிதாகத் தைக்கச் சொன்னேன். அளவு ஜாக்கெட் இல்லாமல் எந்த டெய்லரும் தைக்கமாட்டார். என் உடம்பில் டேப் வைத்து அளக்கச் சொன்னால் அந்த ஆள் கடையையே மூடிவிட்டுப் போயிருப்பார். ஒரு வாரத்து வேலைக்கு ஒன்றரை மாதம் இழுத்தடித்தார். அதுவரை கைலியும், ஊரிலிருந்து போட்டு வந்த சட்டையும்தான். வாங்கப் போகும்போதெல்லாம் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொல்வார். தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டில் கடைசிக் கொக்கி இல்லை. கேட்டதற்கு, உனக்கெதற்கு அவ்வளவு கொக்கி என்றார். நானே தைத்துக்கொண்டேன்.

மூன்று புடவையில் எனக்குப் பிடித்தது கருநீல வாயில் புடவை, மெல்லிய பருத்தி. வெள்ளையாகச் சின்னச் சின்னப் பூ, துவைத்துத் துவைத்துப் பாதிப் பூ காணாமல் போயிருந்தது. முந்தானையில் கொசுவர்த்தி சுட்ட ஓட்டை ஒன்று. யாரோ ஒரு புண்ணியவதி நீல நூல் கிடைக்காமல் பச்சை நூலால் அதை நட்சத்திரம் மாதிரி தைத்திருந்தாள். அந்தத் தையலை நான் தடவித் தடவிப் பார்ப்பேன். ஒரு பின்கூடத் தேவையில்லாமல் அந்தப் புடவை உடம்பில் நின்றது.

அதைக் கட்டிக்கொண்டு குழாய்க்குப் போனேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தார்கள், ஆனால் வரிசையில் யார் முந்தியது என்ற சண்டை முக்கியமாக இருந்தது. மறுநாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெஸ்ஸில் சூடான குண்டானை முந்தானையால் பிடித்து இறக்கினேன். இப்படிப் பத்து நாள். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை.

அடுத்து வந்தது ஞாயிற்றுக்கிழமை. எதிர்வீட்டு லாரி டிரைவர் பெண்சாதி குழாய்க்கு வந்தாள். வழக்கமாக மகளை அனுப்புகிறவள், அன்று அவளே வந்தாள். என் முந்தானையைப் பார்த்தாள். கிட்டே வந்து பிடித்து இழுத்துப் பச்சை நூல் தையலைப் பார்த்தாள். அவள் போட்ட தையல் அது.

அந்தப் பாத்திரக்காரம்மா எங்கள் தெருவில் வாங்கியதை எங்கள் தெருவிலேயே தள்ளியிருக்கிறாள். பாத்திரத்துக்குப் போட்ட துணி வெளியூருக்குத்தான் போகவேண்டும், அதுதான் வழக்கம். யார் வீட்டுப் புடவை என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பழைய புடவைகளோடு வளர்ந்தவள் கேட்டிருப்பாள். எனக்குத் தோன்றவே இல்லை.

கொடியிலிருந்து திருடினேன் என்றுதான் முதலில் கத்தினாள். பாத்திரக்காரம்மாவிடம் வாங்கினேன் என்றேன். அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. இந்தப் புடவையோடு இன்னும் இரண்டைச் சேர்த்துப் போட்டு ஒரு தூக்குவாளி வாங்கியிருக்கிறாள். அந்தத் தூக்குவாளியில்தான் அவள் மகள் தினமும் டீ வாங்கிப் போவாள். அத்தோடு விட்டிருக்கலாம். கூட்டம் சேர்ந்துவிட்டது, விடமுடியவில்லை.

"நான் கட்டுன பொடவைய ஒரு ஆம்பள கட்டிக்கிட்டு எங் கண்ணு முன்னாடியே நிக்கிறதா? அவுத்துக் குடுறா."

ஒரு தூக்குவாளிக்குத் தூக்கிப்போட்ட துணி. வேறு யாராவது கரித்துணியாகக் கிழித்திருந்தால் அவளுக்குத் தெரிந்தே இருக்காது. என் உடம்பில் பட்டதும் அது அவள் மானமாகிவிட்டது. ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். டீக்கடை பெஞ்சிலிருந்து ஆண்கள் எழுந்து வந்துவிட்டார்கள். என் வீட்டுக்கார அம்மா, மாதம் பிறந்தால் வாடகைக்குக் கதவைத் தட்டுகிறவள், தன் குடத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். ஒருத்தியாவது விடு என்று சொல்லியிருக்கலாம். ஒருத்தியும் சொல்லவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம். காது இரண்டும் கொதித்தது.

சரி என்றேன். குடத்தைக் கீழே வைத்தேன். முந்தானையைத் தோளிலிருந்து எடுத்தேன். இடுப்பில் செருகிய கொசுவத்தை உருவினேன். புடவை காலடியில் விழுந்தது. பாவாடையோடும், கடைசிக் கொக்கியை நானே தைத்த ஜாக்கெட்டோடும் நடுத்தெருவில் நின்றேன்.

அப்போதுதான் அவள் கத்தினாள். என்னைப் பார்த்து இல்லை.

"ஆம்பளைங்கள்லாம் அந்தப் பக்கம் திரும்புங்க. என்ன பார்வ வேண்டிக்கெடக்கு?"

யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. அதைவிட அதிசயம், அவர்கள் திரும்பினார்கள். ஆடிவிட்டுத் தண்ணி பிடிக்கச் சொன்னவன் உட்பட அத்தனை பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி முதுகைக் காட்டி நின்றார்கள்.

"அவங்க ஏன் திரும்பணும்?" என்று கேட்டேன். "நான் ஆம்பளதானே? தெனம் இதே கொழாயில ஆம்பளைங்க ஜட்டியோட குளிக்கிறாங்க. நீங்க யாரும் திரும்பறதில்லயே. இப்ப எதுக்கு அவங்கள திரும்பச் சொன்னீங்க? சொல்லுங்க."

யாருடைய குடமோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் புடவையை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் கை நீளவில்லை. மண்ணை உதறி, மறுபடி கட்ட ஆரம்பித்தேன். அவசரப்படவில்லை. கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக எண்ணி வைத்தேன். பச்சை நூல் தையல் வெளியே தெரிகிற மாதிரி முந்தானையைத் தோளில் போட்டேன். குடத்தை இடுப்பில் வைத்தேன்.

"கட்டிட்டேன். எல்லாரும் திரும்புங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கார அம்மா வந்து அறையைக் காலி பண்ணச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். பொம்பளைங்க பொழங்குற எடம், சரிப்படாது என்றாள். காலையில் நடந்தது முழுவதையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். எனக்கு அவளை அடிக்கவேண்டும் போலிருந்தது, அடிக்கவில்லை. மெஸ் முதலாளியிடம் சம்பள பாக்கிகூடக் கேட்காமல் பையைக் கட்டினேன். ரோஸ் நைலக்ஸை அந்த அறை ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பெரம்பலூர் பஸ்ஸில் அந்தக் கருநீலப் புடவையோடு ஏறினேன். பெண்கள் சீட்டில் ஒரு இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா என்னைப் பார்த்தாள், முந்தானையைப் பார்த்தாள், மடியிலிருந்த கூடையை நகர்த்திக்கொண்டாள். அது எனக்கு இடம் விட்டதா, என்னைவிட்டு ஒதுங்கியதா என்று நான் கேட்கவில்லை. உட்கார்ந்துகொண்டு கண்டக்டரையே பார்த்தேன். எழுப்பட்டும், பார்க்கலாம் என்று பெரம்பலூர் வரைக்கும் காத்திருந்தேன்.