ஒரே மூச்சில் இரண்டு கார்புரேட்டர்

சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் எனக்கு விற்றுவிட்டுப் போன ஸ்போர்ட்ஸ் காரை, டியூனிங் செய்ய இன்று காலை தேனாம்பேட்டைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் காசிம் பாய், எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் இரண்டு கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்து, மாட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது மைத்துனன் சைக்கிளில் வந்து நின்றான்.

"அத்திம்பேர், அக்காவுக்கு இடுப்பு வலி எடுத்துடுத்து. ஜட்கா வண்டி ஒண்ணும் கிடைக்கலை."

நான் சாவிக்குக் கை நீட்டினேன். "பாய், போதும், இப்படியே கொடுங்க."

"இப்பிடியே எட்துகினு போனா பாதி வழியில நின்னுடும் சார். ரெண்டும் ஒரே மாதிரி மூச்சு வுடணும்."

எஞ்சினை ஓடவிட்டு, ஒரு ரப்பர் குழாயை இரண்டு கார்புரேட்டர் வாயிலும் மாறி மாறி வைத்து, காற்று இழுக்கும் சத்தத்துக்காக மறுமுனையில் காதைக் கொடுத்தார். திருகைத் துளி திருப்புவார், கேட்பார், மறுபடி திருப்புவார். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக எஞ்சின் இருமலை நிறுத்திச் சீராக ஓடியது.

"இப்ப போங்க சார்."

மயிலாப்பூர் வீட்டில் மனைவியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை எங்கும் நிற்காமல் போனேன். அரைமணியில் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் சௌக்கியம்.

கார் இரண்டு பேருக்குத்தான். வீடு திரும்பும்போது குழந்தை மடியில் அடங்கிவிடும். ஆஸ்பத்திரியில் கூட இருக்கும் மாமியாரை எங்கே உட்கார வைப்பது என்று யாராவது சொல்லுங்கள்.