காணாத மாதிரிப் போன நாள்

சுவிஸில், பீல் நகரத்தில் ஒரு மனநல வெளிநோயாளர் நிலையத்தில் நான் ஒருங்கிணைப்பாளர். மருந்து எழுதுவதும் இல்லை, ஆலோசனை சொல்வதும் இல்லை. வருகிறவர்களுக்கு டெர்மின், அதாவது சந்திப்புக்கு நாளும் நேரமும், கொடுப்பது, காப்புறுதிக்காரரோடு மல்லுக்கட்டுவது, டெர்மினுக்கு வராதவரைத் தேடித் தொலைபேசி எடுப்பது, இவ்வளவுதான் என் வேலை. வாய் ஓயாத எனக்கு ஏற்ற வேலை என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள்.

சேர்ந்த அன்றே மேலதிகாரி ஒரு விதி சொன்னார். எங்களிடம் வருகிறவர்களை வெளியே கண்டால் நாங்கள் முந்திக்கொண்டு கதைக்கக் கூடாது. அவர்களாகக் கதைத்தால் கதைக்கலாம். நல்ல விதிதான் என்று நானும் தலையாட்டினேன்.

கைக்கடிகாரத் தொழிற்சாலையில் பொருத்தும் வேலை செய்த ஓர் அக்கா எங்களிடம் வந்தார். கோயிலில் கண்டு கதைத்துப் பழகியவர்தான். மாதக்கணக்காக நித்திரை இல்லை. கை நடுங்கி, சின்னத் திருகாணிகள் கீழே விழத் தொடங்கிய பிறகுதான் குடும்ப வைத்தியர் அனுப்பியிருந்தார். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று அழுதார். அவரும் தமிழர்தானே, நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். மகளுக்கு அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வெளியில ஒருத்தருக்கும் தெரியவராதோ, தங்கச்சி?"

"வராதக்கா. வெளியில கண்டாலும் நான் காணாத மாதிரிப் போயிடுவன்."

அந்தச் சொல்லை நம்பி அவர் நாலு மாதம் தவறாமல் வந்தார். ஒருநாள் என் மேசையருகே நின்று, "ராத்திரி ஆறு மணித்தியாலம் நித்திரை கொண்டன்" என்றார். அவர் போன பிறகு நான் கழிவறைக்குள் போய் அழுதேன். சந்தோசம்தான்.

பிறகு பக்கத்து நகரமான சோலோதுர்னில் ஒரு பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்தியவீடு. மண்டபத்தில் நான் வழக்கம்போல எல்லோரோடும் கதைத்துத் திரிந்தேன். சாப்பாட்டு வரிசையில் அக்கா நின்றார். கொடுத்த வாக்கு நினைவு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபக்கத்தால் சுற்றிப் போனேன். உள்ளுக்குள் பெருமை வேறு, மடைச்சிக்கு.

எங்கள் இருவரையும் தெரிந்த ஒரு மாமி என் கையைப் பிடித்தார்.

"என்ன, அவவோட கதைக்கேல்லை? முந்தி கோயில்ல ஒண்டா நிண்டு கதைக்கிறனியளெல்லோ?"

"காணேல்லை மாமி."

"முன்னாலதானே நிக்கிறா, காணேல்லையோ?" மாமி அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரல் தணிந்தது. "உங்கட இடத்துக்கு வாறாவோ?"

"இல்லை" என்றேன். ஆனால் ஒரு கணம் பிந்திச் சொன்னேன்.

எங்கள் ஆட்கள் கூடுமிடத்தில், தெரிந்தவரைக் கண்டும் சுகம் விசாரிக்காமல் போனால் அன்றைக்கு அதுதான் கதை. இது எனக்குத் தெரியாததா? சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் விதியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த டெர்மினுக்கு அக்கா வரவில்லை. மூன்றாம் முறை அழைத்தபோதுதான் எடுத்தார்.

"மூண்டு பேர் போன் அடிச்சு, என்ன வருத்தம் எண்டு கேட்டிட்டினம். மாப்பிள்ளை பகுதிக்குக் கதை போகமுதல் நான் அங்க வாறதை நிப்பாட்டிறன்."

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை அக்கா."

"தெரியும். என்னோட கோவம் எண்டாவது சொல்லியிருக்கலாமே, தங்கச்சி. சண்டை எண்டா சனம் நம்பியிருக்கும்."

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேலதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். விதிப்படி சரியாகத்தான் நடந்தீர்கள் என்று ஆறுதல் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பவும் அக்காவை அழைத்து, வேறு ஊரில் ஒரு வைத்தியரை ஒழுங்கு செய்யட்டுமா என்று கேட்டேன். வீட்டுக்கு ஒரு கடிதமும் வரக் கூடாது என்று மட்டும் சொன்னார். இரண்டு மாதம் இழுத்தடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அவருடைய கோப்பை நானே மூடினேன். சொந்த விருப்பத்தில் நிறுத்திக்கொண்டார் என்று எழுத வேண்டியிருந்தது. எழுதினேன்.

இப்போது புதிதாக வரும் தமிழர்களிடம் முதல் நாளே கேட்டுவிடுகிறேன்: "வெளியில கண்டா எப்பிடி நடக்க?" அநேகமானோர், "எல்லாரோடையும் கதைக்கிற மாதிரிக் கதையுங்கோ" என்கிறார்கள். இந்தக் கேள்வியை அக்காவிடம் கேட்க எனக்கு ஒரு நிமிடம் கூடச் செலவாகியிருக்காது.

மகளின் கலியாணம் நடந்தது. எங்களுக்கும் அழைப்பிதழ் வந்தது. எங்களை அழைக்காமல் விட்டால் அதற்கும் ஒரு கதை வரும் என்று யோசித்திருப்பார். மண்டப வாசலில் பட்டுச்சேலையோடு அக்கா நின்றார், பக்கத்தில் அந்த மாமி. நான் நேரே போய், நாலு பேருக்குக் கேட்கும்படி, "என்னக்கா, சுகமோ?" என்றேன்.

"ஓம், நல்ல சுகம். இருந்து சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்" என்று சிரித்தபடி சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

கிண்ணம் அவர் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது. இரவில் நித்திரை வருகிறதா என்று என்னால் கேட்க முடியவில்லை. சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனேன்.