தொடாதபோது இரைந்த கம்ப்யூட்டர்

அப்போது சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டு முன்னறையிலேயே மொழிபெயர்ப்பு வேலை செய்துகொண்டிருந்தேன். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்களின் பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பென்ஷன் காகிதம் என்று ஊரில் பல குடும்பங்களின் விவகாரம் என் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அதனால்தான் ஒரு காலையில் நான் சமையலறையில் இருக்கும்போது, யாரும் தொடாத அந்தப் பெட்டியின் ஃபேன் ஹோவென்று இரைந்ததும், யாரோ உள்ளே புகுந்து திருடுகிறார்களோ என்று நினைத்தேன்.

ஓடிப்போய் மவுஸை அசைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் அடங்கிவிட்டது. எந்தப் புரோகிராம் ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் பிராசசர் சும்மா கிடந்தது. திரும்பிப் போய் வெங்காயம் நறுக்கினேன். மறுபடியும் இரைச்சல். மறுபடியும் ஓடினேன், அடங்கியது. நான் பார்க்க வருவது அதற்குத் தெரிகிறது என்று தோன்றியது.

இன்டர்நெட் வயரைப் பிடுங்கினேன். அப்போதும் நிற்கவில்லை. ஆன்டிவைரஸ் எதுவும் இல்லை என்றது. அதையும் நம்ப முடியவில்லை. கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்குப் போன் செய்தேன்.

“ஃபார்மட் அடிச்சிடலாம் மேடம், கொண்டாந்துடுங்க” என்றார் கடைக்காரர்.

அத்தனை பேர் காகிதத்தையும் கடையில் கொண்டுபோய் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அன்று ஒரு அம்மா தன் திருமணச் சான்றை வாங்க வந்தார். “கம்ப்யூட்டர் ரிப்பேரும்மா” என்றேன். “எங்க பேப்பரெல்லாம் பத்திரமாத்தானே இருக்குது?” என்று கேட்டார். தலையாட்டினேன்.

மறுநாள்தான் புத்தி வந்தது. கை பட்டால் ஒளிந்துகொள்கிறது என்றால், தொடாமல் பார்க்க வேண்டும். திரை அணையாதபடி செய்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதிகம் உழைக்கும் புரோகிராம் மேலே வரும்படி வைத்துவிட்டு, மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூச்சுவிடவே பயமாக இருந்தது. பிராசசரின் சதவீதம் திடீரென்று நூறுக்கு ஏறியது. பட்டியலின் தலையில் நான் கேள்விப்படாத ஒரு பெயர்.

அந்தப் பெயரைத் தேடிப்பிடித்தேன். அது இருந்த ஃபோல்டரின் தேதி, பிரான்சில் பட்டாளத்தில் இருக்கும் தம்பி லீவுக்கு வந்திருந்த நாட்களில் விழுந்தது. உடனே அவனைக் கூப்பிட்டேன்.

“என்னடா போட்டு வச்சிட்டுப் போன என் கம்ப்யூட்டர்ல?”

தம்பி சொன்னான்: “கோச்சுக்காத சின்னக்கா. பெரியக்காவுக்கு வந்த நோய் இருக்குதில்ல, அதுக்கு விஞ்ஞானிங்க மருந்து தேடுறாங்க. சும்மா கெடக்கிற கம்ப்யூட்டருங்களை வச்சிக் கணக்குப் போடறாங்க. அந்தப் புரோகிராம் நீ தொடாதப்போ மட்டும், நெட் இல்லாட்டியும் ஓடும்; தொட்டா நின்னுடும். உன் காகிதம் எதையும் அது தொடாது. உன்கிட்ட சொல்லலாம்னுதான் வந்தேன். அக்கா பேச்ச எடுத்தா நீ அழுதுடுவன்னு விட்டுட்டேன்.”

எங்கள் பெரியக்கா முந்தின வருஷம்தான் மார்பில் வந்த கட்டியால் போய்ச்சேர்ந்திருந்தாள். அவன் பயந்தபடியே அழுதேன்.

“வேணாம்னா எடுத்துடுக்கா.”

“சொல்லிட்டுப் போட்டிருக்கலாமில்லடா. பயத்துல செத்தே போயிட்டேன்.”

வாடிக்கையாளர் காகிதங்களை எல்லாம் சிடியில் எழுதி அலமாரியில் பூட்டினேன். அந்தப் புரோகிராமை எடுக்கவில்லை. ஆனாலும், பிறகு பல நாள் ஃபேன் இரையத் தொடங்கும்போதெல்லாம், காரணம் தெரிந்தும், எழுந்துபோய் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வருவேன்.