இரும்புக் கூந்தல் அரசியை உண்டாக்கினவன்

டென்மார்க்கின் வைலே நகரில் தனியாளாகத் துப்புரவுக் கொம்பனி தொடங்கி இருபத்திரண்டு பேருக்கு வேலை கொடுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். டேனிஷ் பாஷையை நிலம் துடைத்துக்கொண்டே காதால் பிடித்தேன். கூரையிலிருந்து கக்கூஸ் வரை என் கையால் திருத்தின வீடு, ஊர்ச் சங்கத்துக்கு மண்டபம், கோயிலுக்குச் சமையலறை. "உன்னாலை ஏலாது" என்றவர்களே பிறகு என்னிடம் வேலை கேட்டு வந்தார்கள். இதெல்லாம் ஊரறியும். ஊரறியாத ஒன்றையும் நான்தான் கட்டினேன். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

கொம்பனி தொடங்கின புதிதில் மகளுக்கு ஐந்து வயது. மனைவிக்குச் சனிக்கிழமையில் முதியோர் இல்லத்தில் வேலை. ஆகவே நூலகம் திறக்கமுன் துடைக்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப்போவேன். நாகம், வாள், கோட்டை என்று அட்டைப்படம் போட்ட மாயக்கதைப் புத்தகங்களை இழுத்துவந்து, "அப்பா, வாசியுங்கோ" என்பாள். எனக்கு டேனிஷ் எழுத்து ஓடாது. பிள்ளைக்கு முன்னால் அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

"இது எங்கடை புராணம் பிள்ளை. இவங்கள் களவெடுத்துப் போட்டாங்கள். உண்மையான கதையை நான் சொல்லுறன்" என்று விளாசினேன்.

கடலைக் குடித்து முடித்த ஒரு நாகம். வற்றின கடலில் சிக்கின ஏழு கப்பலையும் தன் இரும்புக் கூந்தலில் கட்டி இழுத்த அரசி. மயிர் ஒவ்வொன்றாய் அறுந்து, மொட்டைத் தலையோடு கரையேறினாள். படத்தில் இருந்தது ஒரு பெண்ணும் பாம்பும் மட்டும். மிச்சமெல்லாம் என் மண்டையிலிருந்து வந்தது.

வாசிக்கப் பழகினதும், "புத்தகத்திலை வேறை மாதிரிக் கிடக்கு அப்பா" என்றாள். "அவங்கள் மாத்திப் போட்டாங்கள்" என்றேன். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லப்போய், வகுப்பே சிரித்து, அழுதுகொண்டு வந்தாள். "தலை குனியாதை" என்று திருப்பி அனுப்பினேன். என் பொய்க்காகச் சண்டை பிடிக்க அனுப்பினேன்.

இப்போது அவளுக்கு ஆர்ஹூஸ் நகரில் அலுவலக வேலை. வார இறுதியில் ஹெவி மெட்டல் குழுவில் பாடுகிறாள். பாடுகிறது என்ன, தொண்டையைக் கிழிக்கிறாள். போன மாதம் குழுவின் டேனிஷ் பொடியள் மூன்று பேரும் சாப்பிட வந்தார்கள். நெஞ்சுவரை தாடி விட்ட கிற்றார்க்காரன் நண்டுக்கறியில் வியர்த்தபடி சொன்னான்:

"மெட்டல் பாட்டுக்காரர் எல்லாரும் மாயக்கதை நாவலிலைதான் வரி எடுக்கிறது. எல்லாக் குழுவிட்டையும் ஒரே நாகம்! உங்கடை மகளிட்டைத்தான் ஆயிரம் வருசக் கதை இருக்கு. புது இசைத்தட்டு முழுக்க அதுதான். உறைக்குப் போட அந்தப் பழைய தமிழ்ப் புத்தகத்திலை ஒரு பக்கம் வேணும். எங்கை இருக்கு?"

"கோயில் ஐயரிட்டை" என்றேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்ப நாளைக்கே கோயிலுக்குப் போவம்" என்று மகள் துள்ளினாள்.

மறுநாள் கோயில் வாசலில் காரை நிறுத்தினேன். அவள் கதவில் கை வைத்தாள்.

"இறங்காதை பிள்ளை. அப்பிடியொரு புத்தகம் இல்லை."

"துலைஞ்சு போச்சோ?"

"இருந்தாத்தானே துலையிறதுக்கு. நான் புளுகினது. எனக்கு டேனிஷ் வாசிக்கத் தெரியாது."

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "மேடைக்கு மேடை என்ரை சனத்தின்ரை புராணம் எண்டு சொல்லிப்போட்டு நிக்கிறன் அப்பா. மற்றவங்களின்ரை நாகத்தைப் பாத்துச் சிரிச்சனான். என்ரையும் அதே அலுமாரியிலை எடுத்ததோ?"

"அட்டை மட்டும்தான்" என்றேன். அந்த நேரத்திலும் வாய் சும்மா கிடக்கவில்லை.

இசைத்தட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போய்விட்டாள். நாலு நாள் போன் எடுக்கவில்லை. "வாசிக்கத் தெரியாதெண்டு அண்டைக்கே சொல்லியிருந்தா உங்கடை தலை கழண்டு விழுந்திருக்குமோ?" என்று மனைவி கேட்டாள். விழுந்திருந்தாலும் பரவாயில்லை என்று இப்போது படுகிறது.

ஐந்தாம் நாள் அவளே எடுத்தாள். "பாட்டுகளை விடேல்லை. பொடியளுக்குக் கதை எங்கையிருந்து வந்தாலும் சரியாம். உறையிலை இருந்த 'பழந்தமிழ்ப் புராணம்' எண்ட வரியை மட்டும் வெட்டிப்போட்டம். அந்த இடம் வெறுமையா இருக்கும்."

வெறுமையாக ஏன் இருக்கவேணும் பிள்ளை? பிழை என்னுடையது, மறுக்கவில்லை. உன்னை அழவைத்ததும் நான்தான். ஆனால் அந்த அரசி எந்த நூலகத்திலும் இல்லை, நான் உண்டாக்கினவள். பக்கத்தில் பொய்க்காரன் என்று வேண்டுமென்றாலும் போடு. ஆனால் அந்த இடத்தில் என் பெயரைப் போடு.