ஐந்து அறைகள் சுத்தம்

வெர்ன் ஸ்டிபனோவிச்சின் மேசைக்கு ஒரு விதி உண்டு. துப்பாக்கி கொண்டுவருகிறவர் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. தாத்தா பிரான்சுப் போருக்கு எடுத்துப் போனது, மாமா இதை வைத்துத்தான் கொள்ளைக்காரனைப் பிடித்தார் என்பதெல்லாம் பிறகு. முதலில் அவர் பார்த்து முடிக்க வேண்டும். கதையைக் கேட்டால் கண் அதையே தேடத் தொடங்கிவிடும் என்பது அவர் கட்சி.

மொன்டானாவின் உருக்காலை ஊர் ஒன்றில் பிறந்து, அந்த ஆலையிலேயே கடைசல் பிடித்தவர். ஆலை மூடியதும் பாதி ஊர் மூட்டை கட்டியது. வெர்ன் போகவில்லை. வேட்டைத் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்க ஆரம்பித்து, பழைய போலீஸ், ராணுவ ரிவால்வர்களுக்கு மதிப்புச் சொல்பவராக ஆனார். யாரும் சொல்லித் தரவில்லை. ஒரே மாதிரியான இரண்டை அருகருகே வைத்துக்கொண்டு, ஒன்று தேய்ந்த இடத்தில் மற்றது ஏன் தேயவில்லை என்று குளிர்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். “என்னை ஒரு நாளாவது இப்படி உத்துப் பார்த்திருக்கியா?” என்பாள் மனைவி டோலி. “உன்கிட்ட தேய்மானம் இல்லையே” என்பார் இவர்.

பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பார்ப்பது அவர் பழக்கம். அதைக் கேட்கவே துப்பாக்கிச் சந்தையில் கூட்டம் சேரும். பக்கத்து மேசையில் கத்தி விற்கும் ஹார்வி, தன் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து நிற்பான். அந்தக் கூட்டம் வெர்னுக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏப்ரல் சந்தையில் லொரீன் என்ற பெண்மணி வந்தாள். அறுபதை நெருங்கும் வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். துவாலையில் சுற்றிய ரிவால்வரை மேசையில் வைத்து, “இது எங்க...” என்று தொடங்கினாள். வெர்ன் கையை உயர்த்தி நிறுத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஆனால் டோலியிடம் அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். சந்தையின் ஒரு மூலையில் டோலி போட்டிருந்த காப்பிக் கடையில் வால்நட் ரொட்டி வாங்கும்போதே சொல்லிவிட்டாள்: அது அவளுடைய அப்பா, போலீஸ் சார்ஜன்ட் பென்ஹேலின் துப்பாக்கி. அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவர் மாரடைப்பில் போய்விட்டார். திங்கட்கிழமை அவள் மகனும் போலீஸ் வேலையில், ஷெரீஃபின் டெபுடியாகப் பதவியேற்கிறான். கண்ணாடிப் பெட்டியில் வைத்து அவனுக்குக் கொடுக்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கிறதா, கொடுக்கத் தகுந்ததா என்று வெர்ன் வாயால் கேட்க வேண்டும்.

வெர்ன் சிலிண்டரைத் திறந்து, காலியாக இருப்பதைத் தான் பார்த்து, ஹார்விக்கும் காட்டினார். பிறகு விளக்கைப் போட்டார்.

“போலீஸ்காரன் துப்பாக்கி. துருப் பிடிக்காம இருக்க ஏத்துற நீலப்பூச்சு குழல் வாய்கிட்ட தேஞ்சிருக்கு. வருஷக்கணக்கா இடுப்பு உறைல போய்வந்திருக்கு” என்றார். திருகாணிகளின் தலை ஒன்றுகூடச் சிதையவில்லை என்று காட்டினார். கைப்பிடி மரத்தைக் கழற்றி, உட்புறம் இருந்த எண்ணும் இரும்பில் இருந்த எண்ணும் ஒன்றுதான், எதையும் மாற்றவில்லை என்றார். இதை வைத்திருந்தவன் ஒழுங்கானவன், இப்படி வைத்திருப்பவர்கள் நூற்றில் ஒருவர் என்று பாராட்டினார். லொரீனின் முகம் மலர்ந்தது.

பூதக்கண்ணாடியைக் குழல் வாய்க்குக் கொண்டுபோனபோது நிதானித்தார். ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள். ஈரத்தால் வரும் துரு படர்ந்து போகும், இது தெறித்திருந்தது.

“ரத்தம். உடனே துடைச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. ஒரு ராத்திரி அப்படியே கிடந்திருக்கு.”

“மானா இருக்கும்” என்றான் ஹார்வி. கார் அடித்துப் போட்ட மானுக்குப் போலீஸ்காரர்கள் பக்கத்தில் நின்று கடைசிக் குண்டு போடுவது அங்கே வாரம் ஒரு முறை நடப்பது. இருக்கலாம் என்று வெர்னும் தலையாட்டினார். டோலி வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறிக்கொண்டார். வேலை நடுவில் யார் தொட்டாலும் அவருக்கு ஆகாது.

சிலிண்டரில் குண்டு போடும் அறைகளை ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்தார். ஐந்து அறைகள் சுத்தம், கண்ணாடி மாதிரி. ஆறாவதில் மருந்துக் கரி உறைந்து கிடந்தது. வெளிப்புறத்தை விரலால் தடவி முகர்ந்தார்.

“வேடிக்கையைப் பாரு. வெளியே யாரோ சமையல் எண்ணெய் போட்டுத் துடைச்சிருக்காங்க. அது பிசினா இறுகிப்போயிருக்கு. துப்பாக்கி தெரியாத கை. உள்ள துடைக்கணும்னு அந்தக் கைக்குத் தெரியல. இந்த மனுஷன் சுட்ட ஒவ்வொரு தடவையும் சுத்தம் பண்ணியிருக்கான். இந்த ஒரே ஒரு குண்டுக்கு மட்டும் பண்ணல. ஏன்னா அதுக்கப்புறம் அவன்...”

அங்கே நின்றுவிட்டார். தான் என்ன சொல்லிக்கொண்டு போகிறோம் என்பது வாக்கியத்தின் பாதியில்தான் அவருக்கே எட்டியது. ஹார்வி தொப்பியைக் கழற்றினான். டோலியின் கை இப்போது அவர் தோளைக் கவ்விக்கொண்டிருந்தது. “வெர்ன், அது இவங்க அப்பாவோடது” என்றாள்.

வெர்ன் ரிவால்வரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் பிடித்தபடியே இருந்தார். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. லொரீன் மட்டும் கட்டிய கையை அவிழ்க்காமல் நின்றாள்.

“மானாத்தான் இருக்கும்மா. ஹார்வி சொன்னது சரி. நான் ஏதோ உளறிட்டேன்” என்றார் வெர்ன்.

“எங்கப்பா மானைச் சுட்டுட்டு வந்தா, சாப்பிட உட்காருறதுக்கு முன்னாடி துப்பாக்கியத் துடைப்பாரு. சாப்பாட்டு மேசையில பேப்பரை விரிச்சு. அம்மா தினமும் சண்டை போடுவா.”

டோலி ஒரு நாற்காலியை லொரீன் பக்கம் தள்ளினாள். லொரீன் உட்கார்ந்தாள். அவள் குரலில் அழுகை இல்லை. தொலைவில் எதையோ படித்துச் சொல்வதுபோல் பேசினாள். அப்பாவின் சவப்பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள் என்றாள். மாரடைப்பில் போனவரின் முகத்தை ஏன் காட்டவில்லை என்று அவள் இதுவரை யோசித்ததே இல்லை. அந்த வாரமே அம்மா கராஜ் தரைக்குச் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்தாள். தானும் ஒரு பிரஷ் எடுத்துக்கொண்டு கூட அடித்ததாகச் சொன்னாள்.

“நானும் அடிச்சேன்” என்று இன்னொரு தரம் சொன்னாள்.

மூல நீலப்பூச்சில் கைவைத்தவர்களை மேசையிலிருந்து விரட்டியடித்த மனிதர் வெர்ன். மெருகு போட்ட துப்பாக்கியை இரும்புக் கடைக்குப் போடு என்பார். அவர் இப்போது தாழ்ந்த குரலில் சொன்னார்: “நான் இதைத் தேய்ச்சு, புதுசா நீலம் ஏத்தித் தர்றேன். ஒரு புள்ளி தெரியாது. உள்ளயும் சுத்தமாயிடும். திங்கக்கிழமைக்குள்ள முடிச்சுடலாம். உங்க பையனுக்குத் தெரியவே வேண்டாம்.”

லொரீன் அவரை முதல் தடவையாக நேரே பார்த்தாள்.

“எங்கம்மா ஒரு தடவை துடைச்சா. அது போதும்.”

பிறகு கண்ணாடிப் பெட்டி வேண்டாம் என்றாள். துப்பாக்கியை வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்பதை மகனே சொல்லட்டும். அந்த வேலைக்குப் போகிறவன் இதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். தன்னை அழைத்துப்போக அவன் இங்கேதான் வரப்போகிறான். “நான் சொல்லிக்கிறேன். அவன் நம்பலேன்னா காட்டறதுக்கு நீங்க இருக்கணும்.”

“இருக்கேன்” என்றார் வெர்ன்.

விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். டோலி கொண்டுவந்து வைத்த காப்பி ஆறியது. மதிப்புக் கேட்க ஒருவர் துப்பாக்கிப் பெட்டியோடு வந்தார். ஹார்வி அவரை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மகன் வாசலில் தெரிந்தபோது லொரீன் எழுந்து வெறுங்கையோடு போனாள். உயரமான பிள்ளை. அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். அவள் பேசுவது வெர்னுக்குக் கேட்கவில்லை, முதுகுதான் தெரிந்தது. பையனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று. மறுபடியும் ஆட்டினான்.

இருவரும் மேசையை நோக்கி நடந்து வந்தார்கள். வெர்ன் விளக்கைப் போட்டார்.