நசியாத தேசிக்காய்

தைப்பூசத்தன்று பின்னேரம் தாரிகா பேர்த்துக்குப் பறந்தாள். அன்று விடியற்காலையிலும் அக்காவும் தங்கையும் கடலுக்குப் போய்த்தான் வந்தார்கள். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தபோது தங்கையின் தலைமயிரில் இன்னும் உப்பு மணத்தது.

"அக்கா, கயாக்கை வித்துப்போடாதை."

"மற்ற முனையைத் தூக்க நீ வந்தாய் எண்டால் நான் ஏன் விக்கிறன்?" என்றாள் உஷாந்தி.

இருவரும் சிரித்தார்கள். திரும்பி வரும் வழியில்தான் அது சிரிக்கிற விசயமில்லை என்று உஷாந்திக்கு உறைத்தது.

வெள்ளவத்தையில் அவர்களுடைய தொடர்மாடியிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஆனால் அந்தத் தூரத்துக்குள் தார் ஒழுங்கை ஒன்று, மரைன் டிரைவ், ரயில் பாதை, அதற்கப்பால் கால் புதையும் மணல் எல்லாம் இருந்தன. இரண்டு பேர் ஓட்டும் மாம்பழ நிறக் கயாக் படகை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிப் போவார்கள். தொடர்மாடிச் சங்கத்தின் செயலாளர் பொன்னம்பலம் வாசலில் பல் விளக்கிக்கொண்டே, "விடியக்காலமை ஆரின்ரை பாடை பிள்ளையள்?" என்று கேட்பார்.

இப்போது அவர் வேறு விதமாகக் கேட்டார்.

"பிள்ளை, தங்கச்சி போயிட்டுது. உது கார் நிப்பாட்டுற இடத்திலை சும்மா கிடக்குது. சித்திரைப் புதுவருசத்துக்குள்ளை ஓட்டு, இல்லாட்டி எடு. கொமிற்றி முடிவு."

உஷாந்தி கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்பவள். நாள் முழுவதும் மற்றவர்களுடைய பெட்டிகள் எந்தத் துறைமுகத்தில் நிற்கின்றன என்று தொலைபேசியில் பதில் சொல்பவள். தான் எங்கும் போனதில்லை. நீருக்குள் கொஞ்சத் தூரம் போய்த் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் வெள்ளவத்தை முழுவதும் வேறொரு ஊராகத் தெரியும். காயப்போட்ட சேலைகள், கோயில் மணி, தன்னுடைய யன்னல். விசா கேட்காத பயணம் அது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. தினமும் யாராவது ஒருவரைக் கெஞ்சி மற்ற முனையைத் தூக்கவைக்கவும் மனமில்லை.

ஆகவே கயாக்கைத் தனியே உருட்டிப்போகச் சில்லுத் தேடிப் புறக்கோட்டைக்குப் போனாள்.

"அக்கே, வெல்லட்டத, பாரட்டத?" மணலுக்கா, தெருவுக்கா என்று சிங்களத்தில் கேட்டான் கடைக்காரன்.

"தெகட்டம." இரண்டுக்கும்தான்.

அப்படி ஒரு சில்லு இந்த உலகத்தில் இல்லை என்பதுபோல அவன் சிரித்தான். கடைசியில் ஒடுங்கலான, கட்டி ரப்பர்ச் சில்லுகள் இரண்டைத் தந்தான். தாரில் அவை குழந்தையின் தள்ளுவண்டிபோல ஓடின. மணலில் இறங்கியதும் கலப்பைபோல உழுதுகொண்டு போய் அச்சுவரை புதைந்தன. கயாக்கைத் திரும்ப ரயில் பாதைவரை இழுத்து வந்தாள்.

அலுவலகத்தில் பக்கத்து மேசை ஷெல்டன். கொட்டாஞ்சேனைக்காரன். விசயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டிருக்கீங்க? ஹெந்தளையில ஒரு ஹோட்டல மூடிட்டாங்க, கடல் சாமானெல்லாம் விக்கிறாங்க. வாங்க, போய்ப் பாப்போம்" என்றான்.

அங்கே கிடைத்தது, படகை வைத்து இழுக்கும் ஒரு வண்டில். பூசணிக்காய்போல அகன்று பருத்த காற்று ரயர்கள். அழுத்தினால் கட்டைவிரல் உள்ளே போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை உஷாந்தி கயாக் ஏற்றிய வண்டிலை வெளியே எடுத்தபோது பொன்னம்பலம் இரண்டு தேசிக்காயுடன் வாசலை மறித்தார்.

"புதுச் சில்லு. தேசிக்காய் நசிக்காமல் கேற்றைத் தாண்டப்படாது."

"அங்கிள், இது காரில்லை."

"உருளுது தானே?"

சில்லுக்கு ஒன்றாக வைத்தார். உஷாந்தி தள்ளினாள். ரயர் தேசிக்காயைத் தனக்குள் வாங்கிக்கொண்டு மெல்லக் கடந்து போனது. இரண்டும் முழுசாகப் பின்னால் உருண்டு வந்தன.

பொன்னம்பலத்தின் முகம் மாறிப்போனது. "பிள்ளை, பகிடி இல்லை. நசியேல்லை எண்டால் கடல் வேண்டாம் எண்டு சொல்லுது. நான் விடமாட்டன்."

அவரோடு வாதாட நேரமில்லை, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் சைக்கிள் பம்பை எடுத்து வந்து ரயர்கள் கல்லுப்போல ஆகும்வரை காற்றடித்தாள். இந்த முறை சடக் சடக்கென்று இரண்டும் நசிந்தன. "இப்ப போ, முருகன் துணை" என்றார் அவர், நிறைந்த மனதோடு.

தெருவில் அருமையான ஓட்டம். மணலில் பத்தடி போகவில்லை, பழையபடி புதைந்தது.

உஷாந்தி கயாக்கின் விளிம்பில் உட்கார்ந்தாள். புதுவருசத்துக்கு அதிக நாளில்லை. அதற்குப் பின் சோளகக் காற்றும் தொடங்கிக் கடல் பொங்கிவிடும். நல்ல சில்லைத் தேடிப் பிடித்த பிறகும் இப்படியா? சில்லில் தேசிக்காய்ச் சாறு மணத்தது. அந்த மணத்தோடு வாசலில் நடந்ததை இன்னொரு முறை நினைத்துப் பார்த்தாள். முதலில் ஏன் நசியவில்லை? பாரம் ஓரிடத்தில் குத்தி இறங்காமல் அகலமாகப் பரவியதால். தேசிக்காயை நசிக்காத சில்லு மணலையும் நசிக்காது.

எழுந்து வால்வைத் திறந்தாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. கட்டைவிரல் உள்ளே போகிறதா என்று பார்த்து மூடினாள். பிறகு இழுத்தாள். அகன்ற இரண்டு தடங்களை விட்டுக்கொண்டு வண்டில் மணலின் மேல் மிதந்து வந்தது. தண்ணீர் காலைத் தொட்டபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அன்றிலிருந்து அவள் ரயர் மென்மையாகத்தான் கிடக்கும். தாரில் கொஞ்சம் பாரமாக இழுக்கும், ரப்பரும் கெதியாகத் தேயும். பரவாயில்லை, தார் கொஞ்சத் தூரம்தானே. பை ஒன்றில் எப்போதும் ஒரு தேசிக்காய் இருக்கும். வாசலில் அதைச் சில்லின் கீழ் வைத்துத் தள்ளுவாள். நசிந்தால் காற்றைத் திறந்துவிடுவாள்.

"என்ன பிள்ளை, தலைகீழ்ச் சாத்திரம்?" என்பார் பொன்னம்பலம். இருந்தாலும் கேற்றைத் திறந்துவிடுவார். புதுவருசம் வந்து போனது. படகைப் பற்றிக் கொமிற்றி மறுபடி பேசவில்லை.

தாரிகாவுக்கு இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னபோது, "உனக்கு விசர்" என்று சிரித்துவிட்டு வேலைக்கு ஓடிவிட்டாள். பிறகு அழைப்புகள் குறைந்தன. அவளுக்கு வேலை, வீடு, வேறு கவலைகள்.

மூன்றாவது தைப்பூசமும் கழிந்த ஒரு காலை. உஷாந்தி வண்டிலைக் கழுவிக்கொண்டிருந்தபோது பேர்த்திலிருந்து ஒரு படம் வந்தது. வெள்ளை மணல், ஒருவர் ஓட்டும் சின்ன நீலக் கயாக், அதன் கீழே பருத்த ஒரு சில்லு. சில்லுக்குப் பின்னால் முழுசாக ஒரு தேசிக்காய்.

கீழே எழுதியிருந்தாள்: "நசியேல்லை அக்கா. இறங்கட்டோ?"